எச்சரிக்கும் கணினியும் எமது தாதிமாரும்

ரொறன்ரோப் பெரும்பாகத்து வைத்தியசாலை ஒன்றில் நீண்டகாலமாகப் பணிபுரிந்துவரும் எம்மவரான தாதி ஒருவரை அண்மையில் சந்தித்து உரையாடினோம். இரவுக் கடமையின்போது நிகழ்ந்த ஒன்றை அவர் எமக்குக் கூறினார். வடமராட்சியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை பெற்று, அவருடைய விடுதியில் தங்கியிருந்தார். ஒவ்வோர் இரவும் அம்மூதாட்டி தேநீர் கேட்பார். கொண்டுவந்து கொடுத்தால் சூடு போதாதென்று குறைகூறுவார். தாதியின் ஊரையும் உறவையும் விசாரிப்பார். அன்றிரவு அவர் எதுவும் கேட்கவில்லை. "என்னம்மா செய்யுது?" என்று வினவியபோது, "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று கூறிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

காய்ச்சல் இல்லை. இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் வரையறுத்த எல்லைக்குள்ளேயே இருந்தன. ஆதலால் கட்டிலருகே நின்ற கணினியும் மௌனமாகவே இருந்தது. அதே மணித்தியாலத்தில் அதே கணினி ஏனைய நோயாளர் தொடர்பாகப் பல தடவை எச்சரித்திருந்தது. ஏற்கனவே நிறைவேற்றிய கடமையை நினைவூட்டியது ஒன்று. வைத்தியர் தெரிந்தே எழுதிய மருந்தைப் பற்றியது மற்றொன்று. விழுந்துவிடக்கூடிய நோயாளர் இவர் என்று நான்கு நாட்களாகக் கூறிவந்ததையே மீண்டும் கூறியது வேறொன்று.

"நேற்றைக்குப்போல இண்டைக்கு அந்த அம்மா இல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதை எழுத அந்தத் திரையில ஒரு பெட்டி இருக்கேல்லை" என்றார் அத்தாதி. அவர் வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தார். சொல்வதற்கு இலக்கம் எதுவும் கையில் இல்லாதபோதும் வற்புறுத்தி அழைத்தார். இரத்தப் பரிசோதனையில் கிருமித்தொற்று தொடங்கியிருப்பது தெரியவந்தது. விடியுமுன்னரே மருந்து ஏற்றப்பட்டது. மூதாட்டி சில நாட்களின்பின் வீடு திரும்பினார்.

இந்நிகழ்ச்சி எம்மைச் சிந்திக்க வைத்தது. வைத்தியசாலைகளிலே நோயாளரின் ஏடுகள் யாவும் கணினிக்குள் சென்றுவிட்ட காலம் இது. ஆபத்து வருமுன் அறிவிக்கும் பொறுப்பும் மெல்ல மெல்லக் கணினியிடம் ஒப்படைக்கப்படுகின்றது. அந்த அறிவிப்பு எப்போது எழவேண்டும், யாரிடம் செல்லவேண்டும், எச்சொற்களால் அமையவேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பவர் யார்? அவ்வறிவிப்பைக் கேட்டு ஓடவேண்டிய தாதியரிடம் எவரேனும் கேட்டார்களா? எமது முதியவர்கள் மொழி தெரியாமல் படுத்திருக்கும் கட்டில்களையும், எமது பெண்பிள்ளைகள் பலர் பணியாற்றும் விடுதிகளையும் பற்றிய வினா இது.

எச்சரிக்கை என்பது யாது?

முன்னர் நோயாளரின் விபரங்கள் கட்டிலின் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ தொங்கிய தாளில் எழுதப்பட்டன. மருந்தெழுதுபவரின் கையெழுத்து விளங்காமற் போவதும், ஒருவர் தாள் மற்றொருவர் கட்டிலுக்கு மாறுவதும் உண்டு. 1999 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கையொன்று, அந்நாட்டு வைத்தியசாலைகளில் தவறுகளினால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையிலானோர் இறப்பதாக மதிப்பிட்டு உலகையே திடுக்கிட வைத்தது. 2009 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு சட்டமொன்றை இயற்றி, கணினிப் பதிவேடுகளுக்கு மாறும் வைத்தியசாலைகளுக்குப் பெருந்தொகைப் பணத்தை ஊக்கமாக வழங்கியது. ஏனைய நாடுகளும் தத்தம் வழியில் இம்மாற்றத்தை மேற்கொண்டன.

கணினிப் பதிவேடு எழுதப்பட்டதைச் சேமித்து வைப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதை ஒப்பிட்டும் பார்க்கின்றது. வைத்தியர் ஒரு மருந்தை எழுதியதும், நோயாளருக்கு அது ஒவ்வாததா, அளவு மிகுந்ததா, வேறொரு மருந்தோடு முரண்படுமா, சிறுநீரகம் தாங்குமா என்றெல்லாம் சோதித்து, ஐயம் தோன்றினால் திரையில் ஒரு பெட்டியைத் திறந்து எச்சரிக்கின்றது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் எச்சரிக்கைகள் அளவு கடந்தால் என்னவாகும்? மருந்துகள் பற்றிய கணினி எச்சரிக்கைகளில் 100 க்கு 49 முதல் 96 வரையானவை வைத்தியர்களால் தள்ளிவிடப்படுவதாக 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று காட்டியது. புலி வருகுது, புலி வருகுது என்று கூவிய சிறுவனின் கதையை அறியாதவர் எம்மில் எவருமில்லை. மெய்யாகவே புலி வந்த நாளில் அவன் குரலுக்கு எவரும் வரவில்லை.

முப்பத்தெட்டரைக் குளிசைகள்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகச் சிறுவர் வைத்தியசாலையில் 2013 ஆம் ஆண்டு நிகழ்ந்த சம்பவம் இதற்குத் தக்க சான்றாகும். அங்கேயே பணிபுரியும் வைத்தியர் ரொபேர்ட் வாக்ரர் 2015 இல் எழுதி வெளியிட்ட நூலில் இதனை ஒளிவுமறைவின்றி விபரித்திருக்கின்றார். 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கொடுக்கவேண்டியது நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை ஒன்று. அதாவது 160 மில்லிகிராம். வைத்தியர் 160 என்ற இலக்கத்தைச் சரியாகவே பதிந்தார். ஆனால் திரையிலிருந்த அலகு, உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 160 மில்லிகிராம் என்பதாக இருந்தது. ஒரு குளிசை முப்பத்தெட்டரைக் குளிசைகளாயிற்று.

கணினி எச்சரிக்காமல் இல்லை. வைத்தியருக்கு அளவு மிகை என்ற பெட்டி திறந்தது. நாள்தோறும் வரும் எண்ணற்ற பெட்டிகளுள் ஒன்றென அவர் அதனை மூடினார். மருந்தாளருக்கும் திறந்தது, அவரும் மூடினார். அவ்வைத்தியசாலையில் மருந்தாளர் கையாளும் கட்டளைகளில் ஏறத்தாழப் பாதிக்கு எச்சரிக்கை எழுந்துகொண்டிருந்தது என்பதை அறிந்தால் இது வியப்பன்று. இயந்திரம் முப்பத்தெட்டரைக் குளிசைகளையும் பிழையின்றிப் பொதிசெய்து அனுப்பியது.

இறுதியில் அப்பொதி ஒரு தாதியின் கைக்கு வந்தது. அன்று அவர் தமக்குப் பழக்கமில்லாத விடுதியில் கடமையிலிருந்தார். இத்தனை குளிசைகளா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. ஆனால் மருந்துறையின் கோட்டுக்குறியைக் கருவியால் வருடிப் பார்த்தபோது, எழுதப்பட்ட அளவும் கையிலுள்ள அளவும் ஒன்றே என்று கணினி உறுதிசெய்தது. கட்டளையே பிழையென்று அதற்குத் தெரியாது. சிறுவன் அனைத்தையும் விழுங்கினான். சில மணித்தியாலங்களில் வலிப்பு வந்தது. நல்வேளையாக உயிர் பிழைத்தான்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இச்சங்கிலியிலே ஐயப்பட்டவர் தாதி. அவருடைய ஐயத்துக்குத்தான் திரையில் இடமிருக்கவில்லை. மற்ற இருவருக்கும் எச்சரிக்கை சென்றதும், இருவரும் அதனை மூடியதும் அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அக்கணினி முறையை அமைத்த காலத்தில், கட்டிலருகே நிற்கும் தாதிக்கு எது தெரியவேண்டும் என்ற வினாவுக்கு விடை காணப்பட்டிருந்தால், அச்சிறுவன் ஒரு குளிசையோடு உறங்கியிருக்கக்கூடும்.

ஓயாத ஒலி

அதே பல்கலைக்கழகத்தின் தாதியியல் பேராசிரியை பார்பரா ட்ரூ தலைமையிலான குழுவினர், ஐந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 77 கட்டில்களுக்கருகே ஒலித்த எச்சரிக்கைகளை 31 நாட்களுக்கு எண்ணினார்கள். 2014 இல் வெளியான அந்த ஆய்வின்படி மொத்தம் 25 இலட்சத்துக்கும் மேல். காதுக்குக் கேட்கும்படி ஒலித்தவை மாத்திரம் கட்டிலொன்றுக்கு நாளொன்றுக்கு 187. இருதயத் துடிப்பு ஒழுங்கின்மை குறித்து எழுந்தவற்றுள் ஆராயப்பட்ட 12,671 எச்சரிக்கைகளில் 88.8 வீதமானவை பொய்யானவை. இவ்வொலிகள் இருதயக் கண்காணிப்புக் கருவிகளிலிருந்து எழுபவை. முன்னர் நாம் கூறியவை பதிவேட்டுத் திரையில் தோன்றுபவை. ஆயினும் இரண்டும் சென்றடைவது ஒரே தாதியைத்தான்.

இதன் விளைவு வெறும் எரிச்சல் மாத்திரமன்று. அமெரிக்க வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணைக்குழு, 2009 தை மாதம் முதல் 2012 ஆனி மாதம் வரை எச்சரிக்கை ஒலிகளோடு தொடர்புடைய 98 சம்பவங்கள் தனக்கு அறிவிக்கப்பட்டதாகவும், அவற்றுள் 80 மரணத்தில் முடிந்ததாகவும் 2013 இல் தெரிவித்தது.

நோயாளரின் விபரங்களை எல்லாம் கணக்கிட்டு ஆபத்தை முன்கூட்டியே கூறும் புதிய மென்பொருட்களும் இக்குறையிலிருந்து தப்பவில்லை. இரத்தத்தில் கிருமி பரவும் கொடிய நிலையை முன்னறிவிப்பதற்காக அமெரிக்க வைத்தியசாலைகள் பலவற்றில் பாவிக்கப்பட்ட கணிப்புமுறை ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தனர். 2021 இல் வெளியான முடிவு இது: அனுமதிக்கப்பட்ட நோயாளரில் 18 வீதமானோர் குறித்து அது எச்சரித்தது, ஆயினும் அந்நிலைக்கு உண்மையிலேயே ஆளானவர்களில் மூன்றில் இரு பங்கினரைத் தவறவிட்டது.

தாதியர் கை பட்ட இடங்களில்

மறுபுறத்தையும் பார்ப்போம். மருந்துறையின் கோட்டுக்குறியையும் நோயாளரின் மணிக்கட்டுப் பட்டியையும் வருடி ஒப்பிடும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அமெரிக்காவில் இதற்கு வித்திட்டவர்களுள் ஒருவர், கன்சாஸ் மாநிலம் ரொப்பீக்கா நகரத்து முன்னாள் படைவீரர் வைத்தியசாலையின் தாதி சூ கினிக். 1992 ஆம் ஆண்டு, வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கச் சென்றவிடத்தில் ஊழியர் ஒருவர் கையடக்கக் கருவியால் காரின் குறியை வருடுவதைக் கண்டார். காருக்குச் செய்வதை மருந்துக்கு ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். 1994 இல் விமான விபத்தொன்றில் அவர் மாண்டுபோனார். அவர் எண்ணியது பின்னர் நாடு முழுவதுமுள்ள முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் நடைமுறைக்கு வந்தது. போஸ்ரன் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் இத்தகைய முறையை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டவர்கள், மருந்து கொடுப்பதில் ஏற்படும் தவறுகள், நேரம் பிந்துவதைத் தவிர்த்துப் பார்த்தால், 41 வீதம் குறைந்ததாகக் கண்டனர். கட்டிலருகே நின்ற ஒருவரின் வினாவே இதன் தொடக்கம்.

அதே போஸ்ரனிலுள்ள வேறொரு வைத்தியசாலையின் இருதய விடுதியில், ஒலிகளின் எல்லைகளை நோயாளருக்கேற்ப மாற்றும் உரிமை தாதியருக்கு வழங்கப்பட்டது. இரு தாதியர் சேர்ந்து பார்த்து மாற்றலாம். உடனே கவனிக்கவேண்டியவை ஓங்கி ஒலித்தன, ஏனையவை அடங்கின. கிழமைக்கு 87,800 அளவில் இருந்த ஒலிகள் பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கின என்று 2014 இல் அறிவிக்கப்பட்டது. புதிய கருவி எதுவும் வாங்கப்படவில்லை; கேட்கவேண்டியவரிடம் கேட்டதுதான் மாற்றம்.

இன்னொரு முயற்சி நாம் தொடக்கத்திற் கூறிய கதைக்கு நேரே விடை கூறுவது போன்றது. நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ரொசெற்றி என்னும் ஆய்வாளர் தாமும் ஒரு தாதி. ஒரு தாதிக்கு நோயாளரைப் பற்றி உள்ளூரக் கவலை எழுந்தால், அவர் தம்மை அறியாமலே அந்த நோயாளரை அடிக்கடி சென்று பார்ப்பார். நாடியையும் மூச்சையும் வழக்கத்தைவிடக் கூடுதலாக அளப்பார். நடு இரவிலும் குறிப்பெழுதுவார். இலக்கங்கள் எல்லைக்குள் இருந்தாலும், அளந்த தடவைகளும் அளந்த நேரங்களும் அக்கவலையைக் காட்டிக் கொடுத்துவிடும். இதைப் படித்தறியக் கணினியைப் பழக்கினார்கள். கவலை என்று பொருள்படும் ‘கன்சேர்ன்’ என்ற ஆங்கிலச் சொல்லையே அதற்குப் பெயராகச் சூட்டினார்கள். 74 மருத்துவப் பிரிவுகளில் 60,000 க்கும் மேற்பட்ட நோயாளரிடையே பரீட்சித்து, 2025 இல் வெளியிட்ட முடிவின்படி, இம்முறை பாவிக்கப்பட்ட பிரிவுகளில் மரண அபாயம் 35.6 வீதம் குறைவாக இருந்தது. தாதியின் உள்ளுணர்வென்று ஒதுக்கப்பட்டதற்கு மதிப்புக் கொடுத்தபோது உயிர்கள் காக்கப்பட்டன.

எமது நகரிலும் சான்றுண்டு. ரொறன்ரோவின் சென்ற் மைக்கல்ஸ் வைத்தியசாலையில் 2020 ஆம் ஆண்டு முதல் ‘சார்ட்வோச்’ எனும் முன்னறிவிப்பு முறை பொது மருத்துவ விடுதியில் பாவிக்கப்பட்டது. எதிர்பாராத மரணங்கள் 26 வீதம் குறைந்ததாக 2024 இல் கனடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகை வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அங்கே எல்லோருக்கும் எல்லா வேளையும் ஒலி எழுப்பப்படவில்லை. ஆபத்து மிகுந்தவர் பற்றிய அறிவிப்பு வைத்தியருக்கு உடனே சென்றது. தாதியர் குழுவுக்கோ நாளில் இரு தடவை தொகுத்து அனுப்பப்பட்டது. யாருக்கு, எப்போது, எவ்வடிவில் என்ற வினாவை முதலிலேயே எண்ணிப்பார்த்த ஏற்பாடு இது.

கலந்தாலோசனை என்பது எது?

"எங்களையும் கூப்பிடுவினம், எல்லாம் செய்து முடிச்சாப் பிறகு, எந்த இடத்தை அழுத்தவேணும் எண்டு சொல்லித்தரக் கூப்பிடுவினம்" என்றார் நாம் சந்தித்த தாதி. அதனைக் கலந்தாலோசனை என்று கொள்ளமுடியாது. நோயாளருக்கு விளக்கம் கூறப்பட்டதா என்று கேட்கும் பெட்டியொன்றை அவர் உதாரணம் காட்டினார். ‘ஆம்’ என்று அழுத்தாமல் அடுத்த திரைக்குச் செல்லமுடியாது. மொழிபெயர்ப்பாளர் இன்னும் வந்துசேரவில்லை. மருந்து கொடுக்கவேண்டிய நேரமோ கடந்துகொண்டிருக்கின்றது. தாதி என்ன செய்வார்? உண்மையைச் சொல்ல வழிவிடாத பெட்டி, நேர்மையானவரையும் பொய்யெழுத வைக்கின்றது. பின்னர் விசாரணை நடந்தால், எழுதியவர் பெயர்தான் அங்கே இருக்கும்.

ஆகவே தாதியர் தொடக்கத்திலேயே மேசையில் இருத்தல் வேண்டும். பகற்கடமைத் தாதி காண்பது வேறு, இரவில் தனித்து நிற்பவர் காண்பது வேறு, இருவரும் வேண்டும். அவர்கள் ஓய்வு நாளில் வந்து இலவசமாகப் பேசும் நிலை இருத்தலாகாது. கடமை நேரத்தில், சம்பளத்தோடு, தமது இடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்பட்ட பின்னரே அழைக்கப்படவேண்டும். எத்தனை எச்சரிக்கைகள் எழுந்தன, எத்தனை தள்ளிவிடப்பட்டன, ஏன் தள்ளிவிடப்பட்டன என்பதைக் காலத்துக்குக் காலம் அவர்களோடு சேர்ந்து பார்க்கவேண்டும். பயனற்றவற்றை நீக்கும் துணிவும் வேண்டும். தாதியர் கூறுவதெல்லாம் சரியாகிவிடும் என்று நாம் வாதிடவில்லை. அவர்களைக் கேளாமல் அமைத்தது சரியாக இருப்பது அரிது என்பதே எமது கருத்து.

எமது குடும்பங்கள் செய்யக்கூடியவை

இவ்விடயத்தில் எமக்கும் பங்குண்டு. கணினி தனக்குக் கொடுக்கப்பட்டதை வைத்தே கணக்கிடுகின்றது. எம்மவருள் சிலருக்கு மெய்யான வயது ஒன்று, அகதி விண்ணப்பத்தில் எழுதப்பட்ட வயது வேறொன்று. சிறுநீரகம் எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்று கணிக்கும் முறை வயதையும் சேர்த்தே கணக்கிடுகின்றது என்பதைப் பலர் அறியார். வித்தியாசம் பெரிதாயின் வைத்தியரிடமோ தாதியிடமோ தயங்காமற் கூறுங்கள். தகப்பன் பெயர் முன்னேயா பின்னேயா என்ற குழப்பத்தால் ஒரே ஆளுக்கு இரு பதிவுகள் இருந்தால், ஒன்றிலுள்ள ஒவ்வாமை மற்றதில் தெரியாமற் போகலாம். எல்லா இடத்திலும் ஒரே விதமாகப் பெயரைக் கொடுப்பது நன்று.

ஒவ்வாமை என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பெனிசிலின் ஒவ்வாது என்று பதியப்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்தால், பத்தில் ஒன்பது பேர் அளவில் அதனைத் தாங்கக்கூடியவர்களாகவே இருக்கின்றனர். ஊரில் ஒருமுறை குளிசை எடுத்து வயிற்றைப் பிரட்டியதையும், கிரந்தி என்று இறாலையும் நண்டையும் தவிர்த்ததையும் ‘ஒத்துக்கொள்ளாது’ என்று ஒரே சொல்லிற் கூறினால், அது வாழ்நாள் முழுவதும் பொய்யெச்சரிக்கையாய் நிலைத்துவிடக்கூடும். என்ன நடந்தது, எப்போது நடந்தது, மூச்சு முட்டியதா, உடம்பு தடித்ததா, வாந்தி மாத்திரமா என்று விபரமாகக் கூறுங்கள்.

எல்லாவற்றிலும் மேலாக, எமது பெற்றோரின் ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை மொழிபெயர்த்துவிட்டு நாம் வாளாவிருத்தலாகாது. பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாதென்று வளர்ந்த தலைமுறை அது. வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் கூறும்படி கேட்டால், பத்திலும் இரண்டென்பார்கள். அவர்களின் வழக்கத்தை அறிந்தவர்கள் நாமே. வழமையாக உண்பவர் உண்ணவில்லை, வழமையாகப் பேசுபவர் பேசவில்லை, பேரப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்கின்றார் என்பவற்றை உடனே தாதியிடம் தெரிவியுங்கள். "நேற்றுப்போல் இன்று இல்லை, இதைக் குறிப்பில் எழுதுங்கள்" என்று கேட்பதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை.

தாதியராய்ப் பணிபுரியும் எமது பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வைத்தியசாலையில் கணினி முறை பற்றி ஆராயும் குழு அமைக்கப்படும்போது ஒதுங்கியிராதீர்கள். பெயரைக் கொடுங்கள். இரண்டு மொழி அறிந்தவர்களும், அந்நிய நாட்டிலே நோயாளியாய்க் கிடப்பதன் அச்சத்தைத் தம் வீட்டிலே கண்டவர்களும் நீங்கள். அந்த மேசையில் உங்களைப் போன்றவர் ஒருவரும் இல்லாவிடின், மொழி தெரியாத முதியவரைப் பற்றிய வினா அங்கே எழாமலே போய்விடும்.

அம்மூதாட்டி வீடு செல்லும் நாளில், தமக்குத் தேநீர் தந்த பிள்ளையைத் தேடி அழைத்து நன்றி கூறினாராம். தம்மைக் காத்தது தாம் கேளாமல் விட்ட தேநீர் என்பது அவருக்குத் தெரியாது. அதனைக் கவனித்த தாதிக்குத் தெரியும். அடுத்த முறை திரை அமைக்கப்படும்போது, அவர் கண்டதை எழுத அங்கே ஓர் இடம் இருக்கவேண்டும்.